டெலிகிராஃப் கிளப்பும் ஒரு காகிதமும்

மலிண்டா லோவின் ‘லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்’ (2021) நாவலை வெகுநாள் படிக்காமலேயே வைத்திருந்தேன். ‘இளம் வயதினருக்கானது’ என்ற முத்திரையும் அந்த வருஷமே கிடைத்த தேசியப் புத்தக விருதும் காரணம். இரண்டும் சேர்ந்தால் உபதேசம் இருக்கும் என்பது என் அனுபவம். இதிலும் இருக்கிறது. அதை மீறியும் ஒன்று இருக்கிறது.

1954 கடைசியில் ஸான் பிரான்ஸிஸ்கோ. சைனாடவுனில் வளர்ந்த பதினேழு வயது லில்லி ஹூவுக்கு ராக்கெட் பித்து. கூடப் படிக்கும் வெள்ளைக்காரப் பெண் கேத் மில்லருக்கு விமானம் ஓட்ட ஆசை. ஆண் வேஷத்தில் பாடும் ஒரு பாடகியைப் பார்க்க இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் இரவில் கிளப்புக்குப் போகிறார்கள்.

இரு வேறு பண்பாட்டுப் பெண்கள் காதலிக்கும் கதைகளில் பண்பாடு என்பது பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையோடு முடிந்துவிடும். ஒரு பாட்டி, ஒரு பண்டிகை, பெயர் வாயில் நுழையாத ஒரு பலகாரம். நான்ஸி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ (1982) இந்த வகையின் முன்னோடி. 1993-ல் கான்ஸஸ் சிட்டியில் எரிக்கப்பட்டு, 1995-ல் கோர்ட் உத்தரவால் ஒலேத்தா பள்ளி நூலகங்களுக்குத் திரும்பிய புத்தகம், மரியாதைக்குரியது. ஆனால் ஆனியின் இத்தாலியக் குடும்பமும் டாக்ஸி ஓட்டும் தகப்பனாரும் லைஸாவுக்கு ஒரு வசீகரம், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்காக யாரும் எதையும் இழப்பதில்லை. வேலை இழக்கும் இரண்டு ஆசிரியைகளும் வேறு காரணத்துக்காக இழக்கிறார்கள்.

லோவிடம் வித்தியாசம் ஒரு காகிதமாக வருகிறது. லில்லியின் அப்பா டாக்டர். தன் நோயாளி ஒருவனைக் கம்யூனிஸ்ட் என்று சொல்ல மறுத்ததால் அவருடைய பிரஜா உரிமைப் பத்திரங்களை எஃப்.பி.ஐ. எடுத்துக்கொண்டு போகிறது. 1882-ல் சட்டம் போட்டுச் சீனர்களைத் தடுத்த தேசம், 1943-ல் அதை ரத்து செய்தபோதும் வருஷத்துக்கு 105 பேர் என்று கணக்கு வைத்தது. இந்த நிலையில் போலீஸ் சோதனையில் லில்லி பிடிபட்டால் போவது அவள் மானம் மட்டுமில்லை. அப்பா நாட்டிலிருந்தே வெளியேற்றப்படலாம். கேத்தும் நிறைய இழக்கலாம். தேசத்தை இழக்க முடியாது. இதைக் கேத் சரியாக உணர்வதில்லை, லில்லியும் முழுதாகச் சொல்வதில்லை. காதலிப்பவர்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சொல்லாமைதான் நாவலின் உயிர் என்று எனக்குப் படுகிறது.

விஷயம் வெளியே தெரிந்த பிறகு லில்லியிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு வாக்கியம்: அது தவறுதலாக நடந்தது என்று. அப்பாவிடம் கேட்கப்பட்டதும் ஒரே ஒரு வாக்கியம்தான். இருவரும் மறுக்கிறார்கள். ஆசிரியை இந்த ஒப்புமையைத் தம்பட்டம் அடிக்காமல் விட்டிருப்பது ஆச்சரியம். மற்ற இடங்களில் அவருக்கு அந்த அடக்கம் இல்லை. மறுத்த அந்த அப்பாதான் மகளைப் பாசடேனாவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்கிறார். கோழைத்தனம் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பத்திரம் இல்லாத மனிதனைக் கோழை என்று சொல்ல, பத்திரம் கையிலிருக்கும் எனக்கு யோக்யதை போதாது.

சீனச் சொற்களைச் சீன எழுத்திலேயே போட்டு அடிக்குறிப்பில் அர்த்தம் தருகிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. பாதியில் புரிந்தது: அடிக்குறிப்பு எனக்கு இருக்கிறது, கேத்துக்கு இல்லை.

குறைகள் வெளிப்படையானவை. நடுநடுவே வருஷவாரியாகச் சரித்திரப் பட்டியல். அம்மா, அப்பா, அத்தை ஆகியோருக்குத் தனி அத்தியாயங்கள். நாவலே செய்துவிட்ட காரியத்தை இவை திரும்பச் செய்கின்றன. இதைவிடப் பெரிய குறை கேத். லில்லியின் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்றுகூடத் தெரிகிறது. கேத் வீட்டைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்காரிக்குப் பண்பாடு கிடையாது, அவள் வெறும் மனுஷி. பண்பாடு என்பது சீனாக்காரியின் சுமை! கிளப்பில் லில்லியைக் காட்சிப் பொருளாகப் பார்க்கும் பெண்களை ஆசிரியை நன்றாகக் கிண்டல் செய்கிறார். ஆனால் நாவலின் கட்டமைப்பிலேயே அந்தப் பார்வை கொஞ்சம் தங்கிவிட்டது. சோதனையில் கைதானது கேத்தான். அன்றிரவுக்குப் பிறகு அவள் எங்கே தூங்கினாள், யார் அவளுக்குக் கதவைத் திறந்தார்கள்? அந்த அத்தியாயத்தை லோ எழுதவில்லை.