சட்டத்தின் கட்டளையும் திட்டத்தின் தரமும்: தீபகற்ப மலேசியக் காடுகளை முன்வைத்து

சட்டம் கட்டாயப்படுத்தினால் திட்டத்தின் தரம் தானே உயரும் என்னும் கருத்து திட்டமிடல் துறையினரிடையே வேரூன்றியுள்ளது. நம் நாட்டுக் காடுகளின் அண்மை வரலாறு இக்கருத்துக்கு முழுமையாக இடந்தருவதாக நமக்குத் தோன்றவில்லை.

1976ஆம் ஆண்டின் நகர், கிராமப்புறத் திட்டமிடல் சட்டம் மாநிலங்கள் கட்டமைப்புத் திட்டம் வரைய வேண்டும் என விதிக்கிறது. வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தலும் ஆட்சேபம் கேட்டலும் அதில் அடங்கும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் தேசிய பௌதிகத் திட்ட மன்றத்தையும் தோற்றுவித்தது. இவற்றால் ஆவணங்கள் செம்மையுற்றன என்பதை மறுப்பதற்கில்லை. சுற்றுச்சூழல் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் முதல்நிலைப் பகுதிகளில் இயற்கைச் சுற்றுலா, ஆய்வு, கல்வி ஆகியவை தவிர வேறெதற்கும் இடமில்லை என 2010ஆம் ஆண்டின் இரண்டாம் திட்டம் ஐயத்திற்கிடமின்றிக் கூறியது.

ஆயினும் நிலமும் காடும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மாநில அதிகாரத்திற்குட்பட்டவை. காப்புக்காடாக நீடிக்கத் தேவையில்லை என்றும், அதனினும் உயர்ந்த பொருளாதாரப் பயனுக்குத் தேவை என்றும் மாநில ஆட்சி கருதினால், அதனை நீக்க 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டத்தின் 11ஆம் பிரிவு வழிவிட்டது. 'உயர்ந்த பயன்' எதனால் அளக்கப்படும்? சதுப்புக்காடு தேக்கிவைக்கும் நீரையும் கரிமத்தையும் எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? மாற்று நிலம் ஒதுக்கும் கடமையையும் 12ஆம் பிரிவு 'இயலுமிடத்து' என்று தளர்த்தியே வைத்தது. திட்டம் ஒரு சட்டத்தின் பிள்ளை. காட்டை நீக்கும் அதிகாரமோ வேறொரு சட்டத்தின் கையில். திட்ட ஆவணத்தை மட்டும் படித்து மதிப்பெண் இடும் ஆய்வுகள் இதனைக் காணத் தவறுகின்றன.

கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு இதற்குத் தக்க சான்று. நீக்கத்திற்கு முன் பொது விசாரணை வேண்டும் எனச் சிலாங்கூர் 2011இல் சட்டம் திருத்தியிருந்தது. அதனாலேயே 2020இல் எழுந்த நீக்க முன்மொழிவு மக்களுக்குத் தெரியவந்தது. அங்கு வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கடுமையாக எதிர்த்தனர். எனினும் 2021இல் காட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டு செப்டம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. விசாரணை நேரடியாகக் காட்டைக் காக்கவில்லை. மூடிக்கிடந்திருக்கக்கூடிய கோப்பை அது திறந்து வைத்தது. மற்றதை மக்கள் செய்தனர். சட்டக் கட்டளையின் பயனை இங்குதான் தேட வேண்டும் என்பது நம் கருத்து.

2022இல் நாடாளுமன்றம் பொது விசாரணையையும் மாற்று நில ஒதுக்கீட்டையும் தேசிய வனவியல் சட்டத்திலேயே சேர்த்தது. அரசியலமைப்பின் 76ஆம் பிரிவின்படி, மாநிலச் சட்டமன்றம் ஏற்கும்வரை அத்திருத்தம் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வாராது.