ஹார்வியின் ‘ஓர்பிற்றல்’: தூரமும் பரிவும்

நாவலுக்குக் கதைப்பின்னல் இன்றியமையாதது என்பது பலர் துணிபு. ஆங்கில எழுத்தாளர் சமந்தா ஹார்வி 2023இல் வெளியிட்டு, 2024ஆம் ஆண்டின் புக்கர் பரிசினைப் பெற்ற ‘ஓர்பிற்றல்’ என்னும் நாவல் அத்துணிபினை மீண்டும் ஆராயத் தூண்டுகின்றது. விண்வெளி நிலையமொன்றில் வாழும் அறுவரின் ஒருநாள் வாழ்வே இந்நூலின் பொருள். சூழ்ச்சியோ பெருவிபத்தோ இதனை நடத்திச் செல்வதில்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருளெனக் கற்ற வாசகர்க்கு இதன் அமைப்பு வியப்பளிக்கும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவோர்க்கு நிலைத்த நிலமுமில்லை; நிலைத்த பொழுதுமில்லை. ஒரே நாளில் ஞாயிறு 16 முறை எழுந்து மறைகின்றது. நூலும் 16 சுற்றுக்களாகவே பகுக்கப்பட்டுள்ளது. ஆகவே, கதை முன்னேறாது சுழல்வதை ஆசிரியரின் இயலாமையெனக் கொள்ளுதல் பொருந்தாது. எடுத்துக்கொண்ட பொருளே அவ்வடிவத்தை வேண்டி நிற்கின்றது.

எனினும், அழகிய காட்சிகளை அடுக்குவதோடு நின்றிருப்பின் இந்நூல் வெறும் வருணனையாகவே முடிந்திருக்கும். இதற்கு உயிரளிப்பது தூரம் எழுப்பும் அறவினாவாகும். யப்பானியப் பெண்ணான சியேயின் தாய் இறந்த செய்தி நிலையத்தை எட்டுகின்றது. ஈமச்சடங்கிற்கு அவளால் திரும்ப இயலாது. பிலிப்பைன்ஸ் தீவுகளை நோக்கிப் பெரும்புயலொன்று விரைகின்றது. அங்குள்ள மீனவக் குடும்பமொன்றை இத்தாலியனான பியெற்றோ முன்னரே அறிவான். புயலின் வளர்ச்சியை அறுவரும் படம்பிடிக்கலாம். தடுத்தல் அவர்க்கு இயலாது. காண்பதற்கும் காப்பதற்கும் இடையேயுள்ள இத்தூரமே நாவலின் துயரம்.

குறையும் உண்டு. அறுவரும் ஐந்து நாட்டினராயினும், அவர்தம் சிந்தனைகள் பெரிதும் ஆசிரியரின் கவித்துவக் குரலிலேயே ஒலிக்கின்றன. மேலிருந்து நோக்குவோர்க்கு நாட்டெல்லைகள் மறையலாம். மண்ணில் வாழ்வோர்க்கு அவை மறைவதில்லை. ஆசிரியரும் இதனை அறியாதவரல்லர். அரசியற் பிணக்கினால் நிலையத்தின் கழிப்பறைகள்கூட நாட்டின்படி பிரிக்கப்பட்டிருப்பதை மெல்லிய நகையுடன் காட்டுகின்றார். அந்நகை இன்னுஞ் சற்று ஆழ்ந்து சென்றிருப்பின் நூல் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

ஆயினும், உலகனைத்தையும் ஒருங்கே காணும் பேறு பெற்றோர்க்கும் அதிலுள்ள ஒருவர் துயரைத் துடைக்கும் ஆற்றல் வாய்ப்பதில்லை என்பதை இத்துணை அமைதியாக உணர்த்திய நாவல்கள் சிலவே. கதையில்லை என்று இதனை ஒதுக்குவோர் இழப்பது இவ்வுணர்வினையேயாம்.