முகம் தெரியாதவள்

ஆலிவர் சாக்ஸ் 1985இல் வெளியிட்ட ‘தன் மனைவியைத் தொப்பி என்று எண்ணிய மனிதன்’ நூலின் தலைப்புக் கட்டுரையில் டாக்டர் பி. என்றொரு இசை ஆசிரியர் வருகிறார். கண்பார்வையில் கோளாறு இல்லை, முகங்கள்தான் பிடிபடுவதில்லை. மாணவர்கள் வாய் திறந்து பேசினால்தான் யாரென்று தெரிந்துகொள்வார். பரிசோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பும்போது, தொப்பியைத் தேடிக் கையை நீட்டி மனைவியின் தலையைப் பற்றித் தூக்கப் பார்க்கிறார். படித்த எவரும் மறக்காத இடம். கல்லூரி நாட்களில் நானும் அதைப் படித்துச் சிரித்தவள்தான்.

அந்த மனைவி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. கணவருடைய துணிகளை வழக்கமான இடங்களில் எடுத்துவைப்பவர் அவர். டாக்டர் பி. தனக்குள் பாடிக்கொண்டே உடுத்துகிறார், பாடிக்கொண்டே சாப்பிடுகிறார். இடையில் பாட்டு அறுந்துபோனால், கையில் இருப்பது என்ன, தன் உடம்பு எது என்றுகூடத் தெரியாமல் நின்றுவிடுகிறார். சாக்ஸின் வியப்பெல்லாம் அந்தப் பாட்டின் மீதுதான். துணியை எடுத்துவைத்த கையின் மீது அல்ல. கணவரின் ஓவியங்களில் மருத்துவர் நோயின் வளர்ச்சியைப் பார்க்கும்போது, கலையின் வளர்ச்சி உங்களுக்குத் தெரியவில்லையா என்று சீறுகிறவரும் அந்த மனைவிதான். கட்டுரையில் அவர் வெறும் திருமதி பி. கணவரின் பெயரும் மறைக்கப்பட்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தொப்பியானவர் அவர் ஒருவர்தானே.

2010இல் சாக்ஸ் இன்னொரு கட்டுரை எழுதினார். ‘மனக்கண்’ என்ற பொருள்படும் தலைப்புள்ள நூலில் அது இருக்கிறது. முகங்கள் நினைவில் நிற்காத குறை தனக்கே வாழ்நாள் முழுக்க இருந்ததென்று அதில் சொல்கிறார். வழியில் எதிர்ப்பட்ட தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறார். பார்த்தால் அது கண்ணாடியில் அவரே. தன் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சில நிமிடங்களில், கீழே வணக்கம் சொல்லும் அதே மருத்துவரை அவருக்குத் தெரியவில்லை. நல்ல எழுத்து, சிரித்துக்கொண்டே படிக்கலாம். அதில் கேட் என்ற உதவியாளர் வருகிறார். பல வருடம் கூடவே வேலை செய்த அவரையும் பதிப்பகத்தின் வரவேற்பறையில் சாக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. கேட் கோபித்துக்கொள்ளவில்லை, எத்தனை நேரத்தில் கண்டுபிடிக்கிறார் பார்ப்போம் என்று சிரித்தபடி காத்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம், என்னை நினைவிருக்கிறதா என்று அவரிடம் கேட்காதீர்கள், நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவதும் கேட்தான். சும்மா ‘இல்லை’ என்று சொல்லி ஆளைப் புண்படுத்தாதீர்கள் என்று சாக்ஸுக்குப் பாடம் எடுப்பதும் அவர்தான்.

இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில் 25 வருடங்கள். இரண்டிலும் ஓர் ஆணின் முகமறதிக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஞாபகம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. யார் என்ன உறவு, யாரிடம் என்ன கேட்க வேண்டும், யாரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மனத்தாங்கல் வரும் என்ற கணக்கையெல்லாம் வைத்திருப்பது வீட்டில் பெண்கள் பொறுப்பு. சமையலையும் துவைப்பையும் உழைப்பென்று சொல்லக் கற்றுக்கொண்டோம். இதை இன்னும் ‘சுபாவம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சுபாவம் ஒரு பெண்ணுக்கு இல்லாமல் போனால்?

இதற்கு மருத்துவம் வைத்த பெயர் புரோசோபக்னோசியா. தலையில் அடிபட்ட போர்வீரர்களைப் பார்த்து 1947இல் யோவாகிம் போடமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் வைத்த பெயர் அது. அடிபடாமல், பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆட்டிசம் உள்ளவர்களிடையே இது இன்னும் அதிகம். எல்லோருக்கும் இருப்பதில்லை, ஆட்டிசத்தை உறுதிசெய்யும் அளவுகோல்களிலும் இது இடம்பெறவில்லை. அதனால் மருத்துவரே இதைக் கேட்பது அபூர்வம். கேட்டாலும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து மனதை அறிவது ஒன்று, ஆளை அறிவது வேறொன்று. எதிரே இருப்பவள் அழப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் யாரென்றுதான் தெரியாது. ஆட்டிசம் உள்ளவர்கள் முகத்தையே பார்ப்பதில்லை, பார்த்தால்தானே நினைவிருக்கும் என்ற விளக்கமும் பாதிதான் சரி. இரண்டு முகங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னால் ஓரளவு சமாளிப்பவர்களும், முகத்தை எடுத்துவிட்டுச் சற்றுக் கழித்துக் கேட்டால் தடுமாறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அதனால் இவர்கள் முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள். நடை, குரல், முடி, கைப்பை, உட்காரும் நாற்காலி. கால்நடைப் பண்ணைகளுக்கான அமைப்புகளை வடிவமைத்துப் பெயர் பெற்ற, ஆட்டிசம் உள்ள விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் 1995இல் எழுதிய ‘படங்களில் சிந்தித்தல்’ நூலில் இதைச் சொல்கிறார்: பெரிய தாடியோ தடித்த கண்ணாடியோ விசித்திரமான தலைமுடியோ இருந்தால் ஒழிய, பலமுறை பார்த்தால்தான் ஆளைத் தெரியும், இதனால் சங்கடப்பட்டிருக்கிறேன் என்று. தன் சங்கடத்தை இரண்டொரு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார். அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் சாக்ஸ். தன்னைச் செவ்வாய்க் கிரகத்து மானுடவியலாளர் போல உணர்வதாகக் கிராண்டின் சொன்னதையே தலைப்பாக்கி, அதே ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். முகம் நிற்காத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஒருவர் குறிப்பெடுக்கும் மருத்துவர், மற்றவர் குறிப்பெடுக்கப்படும் செவ்வாய்வாசி. மருத்துவர் தன் கதையை விரிவாக எழுத இன்னும் 15 வருடம் ஆனது. எழுதியபோது அது சுவையான ஞாபகமறதிக் கதையாகவே வாசிக்கப்பட்டது.

நமக்குப் பழக்கமான ஒரு பழைய கதை இங்கே உதவும். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் தன் மனைவியை எதிரே நிற்கவைத்துக்கொண்டே யாரென்று தெரியாது என்கிறான். அவன்மேல் குற்றமில்லை, துர்வாசரின் சாபம் என்று நாடகம் சொல்லிவிடுகிறது. அந்தச் சாபம் எப்படி வந்தது? ஆசிரமத்து வாசலில் வந்து நின்ற விருந்தாளியைச் சகுந்தலை கவனிக்கவில்லை. அவள் நினைவு வேறெங்கோ இருந்தது. ஓடிப்போய்க் கெஞ்சிச் சாபத்தின் கடுமையைக் குறைத்தவர்கள் தோழிகள். வந்தவரைக் கண்டுகொள்ளாத பெண்ணுக்குச் சாபம். வந்தவளை அடையாளம் தெரியாத ஆணுக்கு, அதே சாபத்தால் விடுதலை. மகாபாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே துஷ்யந்தன் தெரிந்துகொண்டே மறுக்கிறான். இரண்டு பிரதிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ரொமிலா தாப்பர் 1999இல் ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். துர்வாசரின் கோபம் மட்டும் எனக்குப் பழக்கமானதாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் அதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

“என்னைத் தெரியுதா?” இதைவிடப் பயங்கரமான கேள்வியை நான் கேட்டதில்லை. கல்யாண மண்டபம் இந்தக் குறைக்கென்றே கட்டிய பரீட்சைக்கூடம். தினமும் கடைத்தெருவில் பார்க்கிறவர்கள்கூட இடம்மாறி நிற்பார்கள். நான் நம்பியிருக்கும் அடையாளங்கள் எதுவும் அங்கே செல்லாது. எல்லோர் உடம்பிலும் பட்டு, எல்லோர் தலையிலும் மல்லிகை, எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்னல். கிராண்டினுக்குத் தாடியாவது கிடைத்தது. அம்மா என் பக்கத்தில் நின்று முழங்கையை அழுத்துவாள். “திண்டுக்கல் சித்தி மக. போன வருசம் பாப்பா பொறந்துச்சே, கேளு.” நானும் கேட்பேன். என்னிடம் ஏதோ சரியில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்டிசம் என்ற சொல் என்னிடம் வந்து சேர்ந்தபோது எனக்கு வயது 41. அதற்கு இரண்டு வருடம் முன்பே அம்மா போய்விட்டாள். இப்போது கேட் பகுதியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் அண்ணனும் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளமாட்டான். “அவன் எப்பவும் ஏதோ யோசனையில இருப்பான்” என்பார்கள். எனக்குக் கிடைத்தது “படிச்ச திமிரு.”

மொழியும் இதில் கூட்டு. முகங்கொடுத்துப் பேசுவது, முகம் முறிப்பது, முகதாட்சண்யம் என்று உறவின் ஒழுக்கம் முழுவதையும் முகத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். ‘கண்டும் காணாமல் போகிறாள்’ என்ற வசையில், கண்டேன் என்பது ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. காணவேயில்லை என்று வாதாட அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது.

ஆட்டிசம் முதலில் ஆண்பிள்ளைகளின் கதையாகத்தான் பரவலாக எழுதப்பட்டது. 1943இல் லியோ கேனர் விவரித்த 11 குழந்தைகளில் பெண்கள் மூவர். 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நால்வரும் சிறுவர்கள். அந்த வார்ப்பில் அடங்காத பெண்கள், மற்றவர்களைப் பார்த்துப் பழகி, ஒப்பித்து, சமாளித்து, நடுவயது வரை பெயரில்லாமல் இருந்துவிடுகிறார்கள். முகம் தெரியாதவளின் சமாளிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லோரையும் பார்த்துச் சிரித்துவைப்பது. அமெரிக்க எழுத்தாளர் ஹெதர் செல்லர்ஸ் 2010இல் வெளியிட்ட நினைவுநூலில் விமான நிலையத்தில் தவறான ஆணைக் கட்டிக்கொள்கிறார். அவர் ஆட்டிசம் உள்ளவர் என்று அந்த நூல் சொல்லவில்லை, ஆனால் முகமறதியைப் பற்றி நான் படித்ததில் மிக நேர்மையான எழுத்து அதுதான். தன் குறையைக் கண்டுபிடிப்பதும் தாயின் மனநோயைக் கண்டுபிடிப்பதும் அதில் ஒன்றாகவே நடக்கின்றன. சாக்ஸிடம் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: பயம்.

அந்தப் பயத்தைப் பற்றி நம்மிடையே இன்னும் எழுதப்படவில்லை. எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் பெண்ணுக்குப் பேருந்து நிறுத்தத்தில் என்ன நடக்கும் என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேற்றுப் பின்தொடர்ந்தவன் இன்று சட்டை மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாலும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்போல் பேசுகிற எவனும் அவளுக்குத் தெரிந்தவனாகவே இருக்க வாய்ப்புண்டு. எனவே மரியாதைக்குப் பதில் சொல்வாள். பின்னால் புகார் கொடுத்தால், “முன்பின் தெரியாதவனிடம் ஏன் பேசினாய்?” என்பார்கள்.

அதற்கு அடுத்தபடியாக அடையாள அணிவகுப்பு. ஒரே மாதிரியான ஆண்களை வரிசையில் நிறுத்திவைத்து, இவர்களில் யார் என்று கேட்கும் முறை. முகம் நிற்காதவளுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சாட்சிமுறையை யோசித்துக்கூட உண்டாக்க முடியாது. குரலையோ நடையையோ வைத்து அவளால் சொல்ல முடியலாம். சட்டத்தில் இதற்கு ஒரு சின்ன வாசல் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஏ பிரிவில் 2013இல் ஒரு விதி சேர்த்தார்கள்: அடையாளம் காட்டுபவர் மாற்றுத்திறனாளி என்றால் நீதித்துறை நடுவரின் மேற்பார்வையில், அவருக்குச் சௌகரியமான முறையில் அது நடக்க வேண்டும், ஒளிப்பதிவும் செய்ய வேண்டும் என்று. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு, முகமறதி இல்லை. ஆக, ஆட்டிசம் என்ற சான்றிதழ் கையில் இருக்கிறவள் அந்த வாசலைக் கேட்டுப் பார்க்கலாம். முப்பது வருடம் சிரித்தே சமாளித்து, யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டவளிடம் சான்றிதழ் எங்கே இருக்கும்? அவள் வரிசையின் முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்பாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொள்வார்கள்.