தண்டம் உண்டு, வழக்கு இல்லை: 'ஸ்கைரிம்' கற்பனையுலகில் சட்டமும் அதிகார வரம்பும்

முன்னுரை

கணினி விளையாட்டினை இலக்கியப் பனுவல்போல் வாசிக்க இயலுமா என்னும் ஐயம் திறனாய்வாளரிடையே எழுவதுண்டு. களம், காலம், பாத்திரம், கதைப்பின்னல் ஆகியன அமைந்த எப்படைப்பும் வாசிப்புக்கு உரியதே என்பது நம் நிலைப்பாடு. வேடமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு இவற்றோடு மற்றொரு தன்மையும் உண்டு. புதினம் ஒரு நாட்டின் சட்டத்தை நமக்கு எடுத்துரைக்கிறது. இவ்வகை விளையாட்டோ அச்சட்டத்தை நம்மீதே செலுத்துகிறது. எனவே இத்தகைய படைப்பில் சட்டம் இருவழிகளில் வெளிப்படுகிறது. பாத்திரங்கள் பேசும் சட்டம் ஒன்று. நிரல் நடைமுறைப்படுத்தும் சட்டம் மற்றொன்று. இவ்விரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பிரிகின்றன என்பதனைப் பெதஸ்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்கைரிம்' வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் அதற்கு முன்னர் வந்த 'மொரோவின்ட்' (2002), 'ஒப்லிவியன்' (2006) ஆகியவற்றையும் தேவையான இடங்களில் ஒப்புநோக்குவோம்.

எல்லையோடு நிற்கும் சட்டம்

ஸ்கைரிம் நாடு ஒன்பது வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றையும் 'யார்ல்' எனப்படும் குறுநிலத் தலைவர் ஒருவர் ஆள்கிறார். குற்றம் புரிந்தவர்மீது விதிக்கப்படும் தண்டப்பணம் அந்தந்த வட்டாரத்தின் கணக்கில் மட்டுமே பதிவாகிறது. கொலைக்கு 1000 பொற்காசு, தாக்குதலுக்கு 40, சட்டைப்பைத் திருட்டுக்கு 25, அத்துமீறி நுழைதலுக்கு 5 என அது வரையறுக்கப்பட்டுள்ளது. வைட்ரன் வட்டாரத்தில் கொலை செய்தவர் ரிஃப்ட் வட்டாரத்திற்குள் நுழைந்துவிட்டால் அங்குள்ள காவலர் அவரைத் தடுப்பதில்லை.

ஒப்லிவியனில் நிலைமை வேறு. அங்கு நகரங்கள் பலவாயினும் மாநிலம் முழுமைக்கும் தண்டக் கணக்கு ஒன்றே. இவ்வேறுபாட்டை வெறும் தொழில்நுட்ப மாற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒப்லிவியனின் களமாகிய சிரொடில் பேரரசின் நடுவிடம். ஸ்கைரிமோ உள்நாட்டுப் போரால் பிளவுண்ட நாடு. மைய ஆட்சி தளர்ந்த இடத்தில் சட்டத்தின் கை வட்டார எல்லையைத் தாண்டுவதில்லை என்னும் அரசியல் உண்மையை, ஒரு வரி உரையாடலும் இன்றி, தண்டக் கணக்கின் அமைப்பே உணர்த்திவிடுகிறது.

இதே நாட்டினுள் ஓர்க் இனத்தாரின் அரண்கள் யார்லின் சட்டத்தை ஏற்காமல், மலக்காத் என்னும் தம் தெய்வத்தின் பெயரால் வழங்கும் எழுதாத நெறியின்படி வாழ்கின்றன. நிலத்தைப் பற்றிய சட்டமும் இனத்தைப் பற்றிய சட்டமும் அருகருகே இயங்குவதை இங்குக் காண்கிறோம். இதுவரை கதையும் நிரலும் ஒத்தே செல்கின்றன.

மோதும் அதிகாரங்கள்

கதை முன்வைக்கும் சட்டச் சிக்கல்கள் இன்னும் ஆழமானவை. உல்ஃப்ரிக் ஸ்டார்ம்குளோக் என்பவர் உயர்வேந்தர் டோரிக்கைப் போருக்கு அழைத்து, குரலாற்றலைப் பயன்படுத்திக் கொன்றார். நோர்டு மக்களின் பழைய மரபின்படி அது முறையான அறைகூவல். பேரரசின் சட்டப்படி அது கொலை. ஒரே செயலுக்கு இரு சட்டங்கள் இரு பெயர் சூட்டுகின்றன. எச்சட்டம் செல்லும் என்பதே போரின் வேர்.

பேரரசு தால்மோருடன் செய்துகொண்ட வெண்பொன் உடன்படிக்கை மற்றொரு சிக்கலை எழுப்புகிறது. அதன்படி தாலோஸ் வழிபாடு தடைசெய்யப்பட்டது. அத்தடையை நிறைவேற்றத் தால்மோர் அதிகாரிகளே நாட்டினுள் உலவி வழிபடுவோரைக் கைது செய்கின்றனர். அயலவர் ஒருவர் நம் மண்ணில் சட்டத்தைச் செலுத்தும்போது இறையாண்மை என்பது என்னவாகிறது என்னும் வினா இங்கு எழுகிறது.

படைப்பின் தொடக்கமே இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஹெல்கன் ஊரில் கைதிகள் கொலைக்களத்திற்கு அழைக்கப்படுகின்றனர். நாம் ஏற்கும் பாத்திரத்தின் பெயர் பட்டியலில் இல்லை. அதனை ஒரு வீரன் எடுத்துச் சொல்லியும் படைத்தலைவி பட்டியலைப் பொருட்படுத்தாது தலையை வெட்ட ஆணையிடுகிறாள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தண்டனை மட்டும் உண்டு. விளையாடுபவர் அநீதியென உணரும் இதே முறையைத்தான் பின்னர் நிரல் தன் வழக்கமான நீதியாக நடத்துகிறது என்பது நம் கருத்து.

காணாமற் போன மன்றம்

குற்றம் புரிந்தவரைக் காவலர் நிறுத்தும்போது தண்டம் செலுத்தலாம், சிறை செல்லலாம், எதிர்த்துப் போரிடலாம். வட்டாரத்தின் மதிப்புறு பதவி பெற்றவர் அதனைச் சொல்லி ஒருமுறை தப்பலாம். 'நான் அதனைச் செய்யவில்லை' என்று வழக்குரைக்க மன்றம் எதுவும் இல்லை. யார்லின் அவை ஒவ்வொரு தலைநகரிலும் இருப்பினும் நம் குற்றம் அங்கு விசாரிக்கப்படுவதில்லை. குற்றஞ்சாட்டுபவர், நடுவர், பணம் வாங்குபவர் ஆகிய மூவரும் ஒரே காவலராகிறார்.

மேலும், கண்டவர் உண்டா என்பதைப் பொறுத்தே குற்றம் உருப்பெறுகிறது. கடைசிச் சாட்சியும் கொல்லப்பட்டால் தண்டப்பணம் நீங்கிவிடுகிறது. சாட்சியைக் காக்க வேண்டிய சட்டம் இங்குச் சாட்சியைக் கொல்லத் தூண்டுகோலாகிறது.

இவ்வுலகின் பண்பாடு வட ஐரோப்பிய மரபுகளை அடியொற்றியது. அம்மரபில் கொலைக்கு ஈடாகப் பணம் செலுத்தும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் செர்மானியச் சட்டங்களில் அவ்வீடு கொலையுண்டவரின் சுற்றத்தாரைச் சேர்ந்தது; குருதிப்பழி தொடராமல் தடுப்பதே அதன் நோக்கம். ஐஸ்லாந்தில் ஏறத்தாழ கி.பி. 930இல் தோன்றிய அல்திங் என்னும் பேரவையில் வழக்குகளும் கேட்கப்பட்டன. ஸ்கைரிம் பணத்தை எடுத்துக்கொண்டு, உறவினரை விட்டுவிட்டது. பேரவையை எடுத்துக்கொண்டு, வழக்கை விட்டுவிட்டது. அங்குள்ள பேரவை உயர்வேந்தரைத் தேர்ந்தெடுக்க மட்டுமே கூடுகிறது.

இதன் விளைவு படைப்பினுள்ளேயே தென்படுகிறது. கைப்பற்றப்படும் திருட்டுப் பொருள் சான்றுப் பெட்டிக்குள் செல்கிறது, உரியவரிடம் திரும்புவதில்லை. இழந்தவரோ சிலவேளை கூலியாட்களை ஏவித் திருடியவரைத் தாக்கச் செய்கிறார். சட்டம் இழப்பீடு தராத இடத்தில் தனிப்பழி தலைதூக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

சித்னா சுரங்கம்

கதையும் நிரலும் மீண்டும் ஒன்றுகூடும் இடம் மார்க்கார்த் நகரம். ஃபார்ஸ்வார்ன் சதியை ஆராயும் நம் பாத்திரத்தின்மீது நகரக் காவலரே பொய்க் கொலைப்பழி சுமத்திச் சித்னா சுரங்கத்தில் அடைக்கின்றனர். அச்சிறை சில்வர்-பிளட் என்னும் செல்வக் குடும்பத்திற்குச் சொந்தமான வெள்ளிச் சுரங்கம். கைதிகளே அதன் தொழிலாளர். கொலைகளை ஏவும் மடனாக் அதே சிறையில் இருக்கிறார். அவருக்கும் அக்குடும்பத்தின் தோனாருக்கும் இடையே மறைவான உடன்பாடு நிலவுகிறது. விடுதலைக்கு இரு வழிகளே உள்ளன: மடனாக்குடன் தப்புவது, அல்லது அவரைக் கொன்று தோனாரின் நன்றியைப் பெறுவது. இரண்டிலும் நம் குற்றமின்மையை எவரும் விசாரிப்பதில்லை.

மற்ற நகரங்களில் மன்றம் இல்லாமை குறையாகத் தோன்றுகிறது. மார்க்கார்த்திலோ அதுவே பொருளாகிறது. சிறை தனியார் உடைமையாகும்போது கைதி கூலியில்லா உழைப்பாளியாகிறார். குற்றவாளிகள் குறையாமலிருப்பது உடைமையாளருக்கு ஆதாயமாகிறது. படைப்பின் சட்டச் சிந்தனை உச்சம் பெறுவது இப்பகுதியிலேயே என்பது நம் மதிப்பீடு.

மொரோவின்டிலும் இத்தகைய கூர்மை உண்டு. அங்கு மோராக் டாங் என்னும் கொலைஞர் குழு சட்ட ஏற்புப் பெற்றது. குறித்த ஆளைக் கொன்றபின் கொலையாணை ஏட்டைக் காவலரிடம் காட்டினால் தண்டம் நீங்குகிறது. அதே மண்ணில் அடிமை முறையும் உடன்படிக்கையால் காக்கப்படுவதால், அடிமைகளை விடுவிப்போர் மறைந்து இயங்க வேண்டியுள்ளது. சட்டம் வேறு, அறம் வேறு என்பதை விளையாடுபவர் தம் கையாலேயே உணர்கிறார்.

ஒரு மறுப்பும் விடையும்

வழக்கு விசாரணை விளையாட்டின் விறுவிறுப்பைக் குலைக்கும் என்று வாதிடலாம். ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கி 2006இல் வெளிவந்த 'நெவர்வின்டர் நைட்ஸ் 2' இவ்வாதத்தை மறுக்கிறது. அதில் எம்பர் என்னும் சிற்றூரை அழித்ததாக நம் பாத்திரத்தின்மீது லஸ்கன் நகர் பழி சுமத்தித் தன்னிடம் ஒப்படைக்கக் கோருகிறது. நெவர்வின்டர் நகரில் பதவி ஒன்று அளிக்கப்படுவதால் அந்நகரின் சட்டப்படி விசாரிக்கப்படும் உரிமை கிட்டுகிறது. பிறகு சான்றுகளைத் திரட்டி மன்றத்தில் வாதிட வேண்டும். அதிகார வரம்பே உயிர் காக்கும் கேள்வியாக அமைந்த அப்பகுதியில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. தீர்ப்பு எதுவாயினும் முடிவில் போர்வழித் தீர்வு கோரப்படுகிறது என்பது அதன் குறை. எனினும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொல்லுக்கு அங்கு ஓர் இடம் உண்டு.

முடிவுரை

ஸ்கைரிம் அதிகார எல்லைகளை நுட்பமாக வரைந்த படைப்பு. வட்டாரம், இனம், பேரரசு, அயலாட்சி என நான்கு அதிகாரங்கள் ஒரே நிலத்தில் மோதுவதைக் கதை திறம்படக் காட்டுகிறது. ஆயினும் ஒவ்வோர் எல்லைக்குள்ளும் சட்டம் என்பது விலைப்பட்டியலாகவே எஞ்சுகிறது. எல்லை வரைதல் அதிகாரத்தின் வேலை; இருதரப்பையும் கேட்டறிதலே நீதியின் வேலை. முன்னதைச் செய்துகாட்டிய படைப்பு பின்னதைச் சித்னா சுரங்கத்தின் இருளில் மட்டுமே, அதுவும் இல்லாமையின் வடிவில், நமக்கு உணர்த்துகிறது. இளையோர் பலநூறு மணி நேரம் வாழ்ந்து பார்க்கும் உலகங்களாக இவ்விளையாட்டுகள் விளங்குவதால், அவ்வுலகங்களில் எவர் தண்டிக்கிறார் என்பதோடு எவர் செவிமடுக்கிறார் என்பதனையும் திறனாய்வு கேட்டாக வேண்டும்.