களர், சேரி, புறம்போக்கு: நிலச்சொல் வசையாகும் இடம்

சொற்பொருள் மாற்றத்தை விளக்கும் பாடங்களில் ‘நாற்றம்’ என்னும் சொல் தவறாமல் இடம்பெறும். நறுமணத்தையும் குறித்த சொல் இன்று தீய மணத்தை மட்டும் குறிக்கிறது, இது இழிபொருட்பேறு. ‘சேரி’, ‘புறம்போக்கு’ முதலிய நிலச்சொற்களையும் இதே பெயரின்கீழ் அடக்கிவிட்டு நகர்வது நம் ஆய்வுகளில் வழக்கமாக உள்ளது. நாற்றம் என்னும் சொல் இழிந்ததால் எவருக்கும் இழப்பில்லை. சேரியில் மக்கள் வாழ்கின்றனர். ஒரு வாழிடத்தின் பெயர் வசையாகும்போது அதனை மொழியின் இயல்பான போக்கு என்று மட்டும் எழுதுவது போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

நிலத்தைக் கொண்டு மனிதரைப் பழிக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் கல்லாமை அதிகாரம் கல்லாதவரைப் பயன்தராத களர் நிலத்தோடு ஒப்பிடுகிறது (406). அதே களர் இடனறிதல் அதிகாரத்தில் வேறு முகம் காட்டுகிறது (500). அங்கு அது கால் புதையும் சேற்று நிலம். வேல்வீரரை எதிர்கொண்ட களிறும் அதில் சிக்கினால் நரிக்கு இரையாகும். முன்னதில் களர் ஆற்றலற்றது. பின்னதில் களிற்றை வீழ்த்தும் ஆற்றலுடையது. உழுபவர் கண்ணுக்கும் போரிடுபவர் கண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இது. நிலச்சொல்லின் உருவகப் பொருளை முடிவுசெய்வது மண்ணின் குணம் மட்டுமன்று, அந்த மண்ணிடம் ஒருவர் எதை எதிர்பார்த்து நிற்கிறார் என்பதும் ஆகும். மேலும், 406இல் உவமை வெளிப்படையாக நிற்கிறது. எதனால் ஒப்புமை என்பதையும் குறளே சொல்லிவிடுகிறது. பழிக்கப்படுபவர் அதனை மறுத்துரைக்க இடமுண்டு. வசைச்சொல்லோ காரணத்தை மறைத்துக்கொண்டு வருவது.

‘புறம்போக்கு’ அவ்வாறு வந்த சொல். வருவாய்த்துறை வழக்கில் இது தீர்வை விதிப்புக்கு உட்படுத்தாமல், பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என அதன் அடைகளைப் படித்தாலே ஓர் ஊரின் பொதுவாழ்வு கண்முன் விரியும். இவற்றுள் பயனற்றது எது? நெல் தூற்றக் களமும் ஆடுமாடு மேயத் தரையும் நீர் தேங்க ஏரியும் இன்றி எந்தப் பட்டா நிலமும் விளையாது. ஆயினும் பேச்சுவழக்கில் ‘பொறம்போக்கு’ எதற்கும் உதவாதவன், கேட்பாரற்றவன் என்னும் ஏச்சு.

இங்கு இலக்கணம் சார்ந்த நுட்பம் ஒன்று உள்ளதாகக் கருதுகிறேன். ‘போக்கு’ என்பதைப் பிறவினை முதனிலையாகக் கொண்டால் புறத்தே போக்கப்பட்டது, அதாவது ஒருவரால் ஒதுக்கப்பட்டது என்று பொருள்படும். ‘போ’ என்னும் தன்வினையடியாகப் பிறந்த பெயராகக் கொண்டால் புறத்தே போவது என்றாகும். நிலத்தைக் குறிக்கும்போது முதற்பொருள் பொருந்துகிறது; ஒதுக்கிய ஊரோ அரசோ அதன் பின்னால் நிற்கிறது. மனிதரைக் குறிக்கும்போது இரண்டாம் பொருள் மேலோங்குகிறது. ஒதுக்கியவர் மறைந்துவிட, ஒதுங்கித் திரிவது அவருடைய சொந்தக் குணமாகிவிடுகிறது. இதனைச் சொற்பிறப்பாக முன்வைக்கவில்லை. வசை இயங்கும் முறையாகவே சுட்டுகிறேன்.

தீர்வைக் கணக்கிலிருந்து நீங்கியதுதான் இழிவுக்குக் காரணம் என்று இவ்விடத்தில் முடித்துவிடத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் கல்வெட்டுகள் அதற்கு இடந்தரவில்லை. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறையிலியாக நீக்கிய இடங்களை அவை நிரல்படுத்துகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியனவும் அந்நிரலில் வருகின்றன. கணக்கின் பார்வையில் கோயிலும் பறைச்சேரியும் ஒரே வகை. இரண்டும் இறை இறுக்காதவை. ஆனால் நத்தமோ கோயிலோ வசையாகவில்லை. ஆகவே கணக்குக்கு வெளியே நிற்பது மட்டும் ஒரு சொல்லை இழிவாக்காது. அங்கு நிற்பவர் யார் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது.

‘சேரி’யின் வரலாறு இதனை உறுதிசெய்யும். தொல்காப்பியச் செய்யுளியல் ‘புலன்’ என்னும் வனப்பை விளக்குமிடத்தில் சேரிமொழியைக் குறிப்பிடுகிறது. ஆராயாமலே பொருள் விளங்கும் வழக்குமொழி என்பது அங்குள்ள கருத்து. இழிவின் சாயல் அதில் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) அந்தப் பிராமண ஊரே 12 சேரிகளும் 30 குடும்புகளுமாகப் பகுக்கப்பட்டிருந்ததைக் காட்டுகின்றன. சபையோர் தம் குடியிருப்பைச் சேரி என்று கல்லில் பொறிக்கத் தயங்கவில்லை. பின்னர் அச்சொல் தலித் மக்களின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. சுருங்கிய பிறகே வசையாயிற்று. இன்றைய மாணவர் ‘சேரிமொழி’யைக் குடிசைப்பகுதிக் கொச்சை என்று வாசிப்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அவர் தவறு செய்யவில்லை. சாதி அவருக்குக் கற்பித்த அகராதியைக் கொண்டு தொல்காப்பியத்தைப் படிக்கிறார். உரைநூற் பதிப்புகள் இவ்விடத்தில் ஓர் அடிக்குறிப்பு இடுவது நலம்.

புறம்போக்கிலும் நிகழ்ந்தது இதுவே. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலை, ஆற்றுப்படுகை, ஏரி முதலியவற்றை, பொதுமக்களின் வழி முதலான உரிமைகளுக்கு உட்பட்டு, அரசின் சொத்தாக அறிவித்தது. சட்டத்தின் மொழியில், ஊர்ப்பொதுவில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். நிலமற்றோர் பலருக்கு அதைவிட்டால் குடியிருக்க வேறிடம் இல்லை. ‘ஆட்சேபணையுள்ள புறம்போக்கு’, ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’ என்னும் அலுவலகத் தொடர்களின் நடுவில்தான் அவர்களுடைய பட்டா இன்றும் காத்திருக்கிறது. வசை நிலத்திலிருந்து மனிதருக்குச் சென்றது என்பதைவிட, மனிதர்மேல் இருந்த இளக்காரம் நிலத்தின் பெயரில் ஏறிக்கொண்டது என்பதே பொருத்தம்.

அண்மைக்காலத்தில் இச்சொல்லை மீட்கும் முயற்சிகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. எஸ்.பி. ஜனநாதனின் திரைப்படம் (2015) ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’ எனப் பெயர் சூடியது. ‘என்கிற’ என்பது காவல்துறைக் குறிப்புகளில் ஒருவரின் மறுபெயரைச் சுட்டும் சொல். அதனைக் கொண்டே வசையையும் கொள்கையையும் ஒரே ஆளின் இரு பெயர்களாக்கியது கூர்மையான ஆக்கம். எனினும் படத்தின் மையம் மரண தண்டனை. நிலம் தலைப்போடு நின்றுவிடுகிறது. 2017இல் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ இவ்வகையில் ஒரு படி மேலானது. அது சொல்லை எண்ணூர்க் கழிமுகத்துக்கே திரும்ப அழைத்துச் செல்கிறது. உருவகமாகத் தேய்ந்துபோன சொல்லுக்கு நீரும் சாம்பலும் கரையும் மீண்டும் கிடைக்கின்றன. வசையைக் கேட்டுப் பழகிய செவிக்கு அங்கே முதலில் ஓர் இடத்தின் பெயர் கேட்கிறது.