மெத்தைக்கு முதல் பரிசு

மீன்பிடிப் படகுக்கான இருக்கை ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பொறியியல் மாணவர்களுக்கான போட்டி. எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். நீல ரெக்சின், நான்கு அங்குல ஸ்பாஞ்ச், முதுகுச் சாய்மானம், இரண்டு பக்கமும் கைதாங்கி, அடியில் சுழலும் எஃகுத் தண்டு. “காரில் போகிறவனுக்குக் கிடைக்கும் சௌகரியம் கடலுக்குப் போகிறவனுக்குக் கிடைக்க வேண்டாமா?” என்று நடுவர் ஒருவர் மேடையில் கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் கேள்வியில் இருந்த கோளாறு உறைத்தது.

வலி பொய்யில்லை. சென்னைக்குத் தெற்கே எந்தக் குப்பத்திலும் நாற்பது வயது தாண்டியவரிடம் இடுப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு மதியச் சாப்பாடு வரை நீளும். ஃபைபர் படகின் குறுக்குப் பலகை எப்போதும் ஈரம், விளிம்பு வேறு கூர். இரண்டு மணி நேரத்தில் தொடை மரத்துப் போகும். இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியது நல்ல விஷயம். வெல்டிங்கும் சுத்தமாக இருந்தது. பாராட்டு இத்துடன் முடிந்தது.

என் ஆட்சேபம் இந்த நாற்காலியோடு தொடங்கியதல்ல. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தனவே, அப்போதிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். உட்காருவது என்றால் பிட்டத்துக்கும் முதுகுக்கும் மட்டுமான காரியம் என்று நினைத்து வேலை செய்கிறோம். அலுவலகத்தில், சினிமா தியேட்டரில் அது சரி. தரை அங்கே நகருவதில்லை. படகில் ஆளைத் தாங்குவது கால். பாதம் எங்கே உதைத்து நிற்கிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது, அலை தூக்கும்போது இடுப்பு ஒரு சாண் எழும்ப இடம் இருக்கிறதா என்பதில்தான் சௌகரியம் இருக்கிறது. பரிசு பெற்ற இருக்கையில் பாதம் வைக்க ஒரு கட்டைகூட இல்லை. கால்கள் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த ஒன்றாம் வகுப்புப் பையனின் கால்களைப் போலத் தொங்குகின்றன.

கட்டுமரத்தில் இருக்கையே கிடையாது. முழங்காலிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் ஏறும், வடியும். அலை தூக்கினால் முழங்காலும் இடுப்பும் மடிந்து கொடுக்கும். அடி முதுகுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி தேய்ந்துவிடும். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் முழங்காலில் இருந்த காய்ப்பைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். காலுக்கு அங்கே வேலை இருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நாற்காலி அந்த வேலையைப் பறித்து மெத்தையிடம் கொடுக்கிறது. மெத்தையால் அதைச் செய்ய முடியாது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை வரும் மேல்கீழ் அதிர்வில்தான் மிக அதிகமாக அல்லாடுகிறது. உடல் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலையும் அந்த எல்லையை ஒட்டிய அதிர்வுகளைத்தான் கூடுதல் கனத்தோடு கணக்கில் எடுக்கிறது. சாதாரண ஸ்பாஞ்சும் அதன்மேல் உட்கார்ந்த ஆளும் சேர்ந்தால் வினாடிக்கு 4 முறை போல ஆடும் ஸ்பிரிங் ஒன்று உருவாகிறது. எந்த அதிர்வு முதுகுக்கு ஆகாதோ அதையே மெத்தை தூக்கிக் கொடுக்கிறது. படகு அலையின் உச்சியிலிருந்து விழும்போது நடப்பது இன்னும் மோசம். ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி, அடியிலிருக்கும் பிளைவுட் இடிக்கும். பலகையில் உட்கார்ந்தவனுக்கு விழுகிற அதே அடிதான், ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக. கடை வாசலில் அமுக்கிப் பார்த்து “நல்லா மெத்துன்னு இருக்கு” என்று வாங்குகிற கைக்கு இது தெரியாது. கை அலையிலிருந்து விழுவதில்லை.

வேலையிடத்தில் தொழிலாளியின் உடம்பு படும் அதிர்வுக்கு 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் எல்லை வகுத்தது. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு, முடுக்கம் 0.5 மீ/வி² தாண்டினால் முதலாளி குறைக்க வழி பார்க்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. எண் எதுவானாலும் அளக்க வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருக்கிறது. நம் போட்டியின் காட்சிப் பலகையில் இருந்த ஒரே எண் ஸ்பாஞ்சின் தடிமன்.

இந்த நாற்காலி வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஏரிகளில் ‘பாஸ்’ மீன் பிடிக்கும் படகுகளிலிருந்து நகலெடுத்தது இது. 1968-இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஃபிளிப்பின் என்ற சிற்றூரில் ஃபாரஸ்ட் வுட் தொடங்கிய ‘ரேஞ்சர்’ படகுகளை இணையத்தில் பார்த்தவர்களுக்குத் தண்டின்மேல் சுழலும் அந்த நாற்காலி பழக்கமானது. தேங்கிய தண்ணீர், இரண்டு பேர், தூண்டிலை எறிந்து இழுக்கும் விளையாட்டு. அந்த இடத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் அங்கேயும் உயரத் தண்டில் நிற்கும் நாற்காலியில் படகு வேகமெடுக்கும்போது உட்காரக் கூடாது என்பது விதி; எழுந்து கீழிருக்கைக்கு வந்துவிட வேண்டும். நாள் முழுக்கத் தூண்டில் போடும் கைதேர்ந்தவர்கள் பலர் நாற்காலியையே கழற்றி வைத்துவிட்டு, சைக்கிள் சீட் அளவு சின்னத் திண்டு ஒன்றைத் தண்டின்மேல் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் உட்காருவதில்லை. பாதி நின்றபடி பிட்டத்தைச் சாய்த்துக்கொள்கிறார்கள். எடை காலில்தான்.

சீறும் கடலில் உண்மையாகவே ஓடுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகுகளைப் பார்க்கலாம். கரையோரம் விரைந்து போகும் அவர்களுடைய ‘அட்லாண்டிக்’ வகை ரப்பர் படகுகளில் குதிரைமேல் உட்காருவதுபோல இரண்டு பக்கமும் காலைப் போட்டுத்தான் உட்காருகிறார்கள். அலை வரும்போது ஓட்டுகிறவர் குதிரைக்காரனைப் போல லேசாக எழும்பிக் கொடுக்க முடிகிறது. கட்டுமரக்காரரும் இவர்களும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். நாம் மட்டும் வரவேற்பறை சோபாவில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

உயரம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஆளுக்கு 65 கிலோ வீதம் நான்கு பேர், 260 கிலோ. படகு, இன்ஜின், வலை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரையும் 30 சென்டிமீட்டர் உயர்த்தி உட்கார வைத்தால் மொத்த எடையின் மையம் 6 சென்டிமீட்டர் மேலே போகிறது. அகலம் குறைந்த படகில் அது சில்லறை விஷயமில்லை. உயரே இருக்கிறவனைத்தான் படகின் உருளலும் அதிகம் வீசும். தண்டை ஊன்றக் குறுக்குப் பலகையை அறுத்தால் இன்னொரு வினை. பல படகுகளில் அந்தப் பலகைதான் இரண்டு பக்கச் சுவரையும் விலகாமல் பிடித்திருக்கிறது. அதன் அடியில் அடைத்த நுரைதான் கவிழ்ந்த படகை மூழ்காமல் மிதக்க வைக்கிறது. வலை இழுக்கும்போது அது நாற்காலியில் சிக்கும் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நடுவர்களில் ஒருவராவது வலை இழுப்பதைப் பார்த்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டுப் பரிசு கொடுத்திருந்தால் அது இன்னும் வருத்தம்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து கவளை வலைக்குப் போன படகில் ஒருநாள் நானும் ஏறிக்கொண்டேன். விடிய இரண்டு மணி நேரம் இருந்தது. ஊருக்குப் புதிதானவன் என்பதால் படகின் முன்முனையான அணியத்தில், முகத்தில் காற்று படும்படி உட்கார்ந்தேன். படகில் மேலும் கீழும் அதிகம் போய்வரும் இடம் அதுதான் என்று பத்தே நிமிடத்தில் வயிறு சொல்லிவிட்டது. பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு நகர்த்தி, நடுவுக்குச் சற்றுப் பின்னால், மடித்துப் போட்ட வலைக் குவியலில் உட்கார வைத்தார். என் பாதத்தை எடுத்துப் படகின் விலாச் சட்டமான வங்கில் ஊன்றி வைத்ததும் அவரே. அதற்குப் பிறகு எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அந்த வலைக் குவியலுக்கு எந்தப் போட்டியிலும் இடமில்லை.

இன்ஜின்காரர் நிலைமைதான் வேறு. டீசல் இன்ஜினின் கைப்பிடி அவருக்குப் பின்னால் இருந்தது. கண் முன்னால் பார்க்க வேண்டும். வலது கை பின்னே, முகம் முன்னே, இடுப்பு நடுவில் முறுக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம். அவர் உட்கார்ந்திருந்தது சாக்கில் சுற்றிய பழைய தெர்மோகோல் துண்டு. இடது குதிகால் ஊன்றும் இடத்தில் ஃபைபரின் பெயின்ட் தேய்ந்து வெள்ளை தெரிந்தது.

கரைக்கு வந்ததும் கைப்பேசியில் பரிசு நாற்காலியின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுல குந்திக்கினு எப்படி சார் திரும்பறது?”

“சுத்துதுண்ணே. நாற்காலியே சுத்தும்.”

“நாக்காலி சுத்தும் சார். கைப்பிடி அங்கியேதான இருக்கும்.” கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “அந்தப் பசங்களாண்ட சொல்லுங்க. சீட்டு ஒண்ணும் வாணாம், கைப்பிடிய ஒரு முழம் நீட்டிக் குடுக்கச் சொல்லுங்க.”