காலணியும் சிலம்பும்

'சாவு வீட்ல போய் அரசியல் பேசலாமா?' அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடக்கிற ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள் அல்லர். சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். 'எங்கள் நினைவும் பிரார்த்தனையும் உங்களோடு' என்பதும் கூடவே வரும். இரண்டையும் ஒரே பிரதியின் இரண்டு வரிகளாகத்தான் என்னால் வாசிக்க முடிகிறது. ஒரு வரி துக்கப்படுகிறவரின் வாயை மூடுகிறது. மற்றது, மூடியவர் கைகழுவ உதவுகிறது.

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில், ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு 18 வயது. பிறந்தநாள் முடிந்த கையோடு ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகள் இரண்டைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். மொத்தம் 376 காவலர்கள் வந்தார்கள். அவன் உள்ளே நுழைந்து 77 நிமிடம் கழித்துத்தான் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதுவரை வகுப்பறைக்குள்ளிருந்து குழந்தைகள் தொலைபேசியில் போலீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெற்றோரைப் போலீஸ் தடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 7 அன்று, வெள்ளை மாளிகையின் பத்திரிகையாளர் அறையில் நடிகர் மேத்யூ மெக்கானஹே பேசினார். அவர் பிறந்த ஊர் யுவால்டி. அருகே உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஒரு ஜோடிப் பச்சைக் காலணி. இறந்த சிறுமி ஒருத்தி தன் வலது காலணியின் முனையில் இதயம் வரைந்திருந்தாளாம். அவளை அடையாளம் காண உதவிய தெளிவான ஒரே தடயம் அந்தக் காலணிதான் என்றார் அவர். காணொளியைப் பார்த்து நானும் அழுதேன். அழுததும் மனசு லேசாகிவிட்டது. அந்த லேசு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

திணை, துறை என்று மனப்பாடம் செய்து எம்.ஏ. தேறியவன் நான். சாவைப் பாட நம்மிடம் கையறுநிலை என்றொரு துறை உண்டு. செய்வதறியாது நிற்கும் நிலை. அதிகாரம் துக்கப்படுகிறவருக்கு அனுமதிக்கிற ஒரே துறை இதுதான். மலர் வைக்கலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம், கேமராவுக்கு முன்னால் உடைந்து அழலாம். அழுகை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். சிலப்பதிகாரத்தில் இன்னொரு வகைத் துக்கம் இருக்கிறது. கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரசவைக்கு வருகிறாள். அவள் அழுத கண்ணோடு வந்தாலும் கையில் இருப்பது சான்று. அந்தக் காதைக்குப் பெயரே வழக்குரை காதை. வாயிலோன்கூட அவளைத் தடுத்து நிறுத்தவில்லை. அரசனிடம் போய்ச் சொல்லி உள்ளே விட்டான். யுவால்டியின் வாயிலோர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

கற்புச் சட்டகத்துக்குள் அடைபட்டவள் கண்ணகி என்பதை நான் மறக்கவில்லை. மதுரையை எரிக்கும்போது அவள் விலக்கச் சொன்ன பட்டியல் பார்ப்பாரில் தொடங்குகிறது என்று நம்மவர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதே. அதே பட்டியல் குழந்தைகளில் முடிகிறது என்பதையும் சேர்த்துப் படிப்போம். எரிக்கும் கோபத்துக்கும் குழந்தைகள் விலக்கு. இங்கே துப்பாக்கியை 18 வயதுக்காரனுக்கு விற்கும் சட்டத்தில் அந்த விலக்கு எங்கே இருக்கிறது?

காலணி அன்று சான்றாகத்தான் வந்தது. வயது வரம்பை 21 ஆக்குங்கள், வாங்குபவரின் பின்னணியை விசாரியுங்கள் என்று நடிகர் கோரிக்கையும் வைத்தார். ஆனால் கண்ணகி தன் வழக்கைத் தானே பேசினாள். இங்கே ஒரு நட்சத்திரம் பேச வேண்டியிருந்தது. மறுநாள் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் பெற்றோரும் சாட்சி சொன்னார்கள். என் நினைவில் முதலில் வருவது நடிகரின் குரல்தான். என் மனசை லேசாக்கியதும் இதுதான். வழக்கைக் காட்சியாக மாற்றிப் பார்த்துவிட்டேன்.

துக்கம் வழக்காக மாறிய இடம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் டன்பிளேன். 1996 மார்ச் 13 அன்று 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பருவத்தில் பூக்கும் பனித்துளிப் பூவின் பெயரில் ஒரு மனு கிளம்பியது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1997இல் மேஜர் அரசு பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது; அதே ஆண்டு பிளேயர் அரசு மிச்சத்தையும் தடை செய்தது. 'இது அரசியல் பேசும் நேரமல்ல' என்பதை அந்தப் பெற்றோர் ஏற்றிருந்தால் இது நடந்திருக்காது.

யுவால்டிக்குக் கிடைத்தது என்ன? 2022 ஜூன் 25 அன்று பைடன் கையெழுத்திட்ட சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கும்போது கூடுதல் விசாரணை வேண்டும் என்றது, வயதை உயர்த்தவில்லை. 2023 மே மாதம் டெக்சாஸில் வயதை உயர்த்தும் மசோதா ஒரு குழுவைத் தாண்டியது. சபையின் வாக்கெடுப்புக்கு வராமலே செத்தது. தவறு தன்னுடையது என்று உணர்ந்து அரியணையிலேயே விழுந்து செத்தான் பாண்டியன். இங்கே செத்தது மசோதா.

யுவால்டியின் பெற்றோரை வெறும் கண்ணீர் முகங்களாகக் காட்டிய ஊடகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டது இது: 1970இல் ராப் பள்ளியின் மெக்சிகோ வம்சாவளி ஆசிரியர் ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிர்வாகம் மறுத்தது. அந்த ஊர் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறி வாரக்கணக்கில் போராடினார்கள். அதே ஆண்டு ஜெனோவேவா மொராலஸ் என்ற தாய், தன் பிள்ளைகளுக்காகப் பள்ளி நிர்வாகத்தின் மீது இனப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆக, வழக்குரைப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. 2022இல் பள்ளி வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் அந்த வரலாற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அந்தத் தொடர்ச்சியில் வைத்துப் பச்சைக் காலணியைப் பார்க்காதவரை, நம்முடைய விமர்சனமும் இரங்கல் தந்தியாகத்தான் இருக்கும்.